சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிறவர்

என் சகலைக்கும் எனக்கும் ஒரே வியாதி, ஆஸ்துமா. சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், கொட்டிவாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். வியாதி ஒன்றுதான், ஆனால் அவர் ஓடுவார், நான் இரைப்பேன். ஒரு வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் இருந்தால் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பது சகஜம். நான் அவரை ஓரக்கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு கண்ணாலும் முறைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய வேலை, கார், கடல் காற்று எதைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டதில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதெல்லாம் வந்து போகிற பொறாமை. வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பொறாமை ஒன்றுதான். என் மகளின் சைக்கிளுக்குப் பின்னால் அவர் ஓடினார்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவளுடைய பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கினோம். அசோக் நகரில் எங்கள் தெரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும். பக்கவாட்டுச் சின்னச் சக்கரங்கள் வேண்டாம், அது குழந்தைகளுக்கு என்று சொல்லிவிட்டாள். அப்படியென்றால் யாராவது சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். அந்த வேலையை அப்பன்தான் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது அப்பனுடைய வேலை.

என்னால் முடியவில்லை. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குக் கடை. லைனிங் துணி, ஜாக்கெட் பிட், புடவைக்கு ஃபால்ஸ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அப்பா ஆரம்பித்தது. ஒரு நாள் முழுக்கத் துணி கிழித்தால் சாயந்திரம் மூக்குக்குள் பஞ்சு இருக்கும். தீபாவளி நெருங்க நெருங்க இருமலும் நெருங்கும். கல்லாவில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் நீல இன்ஹேலர் ஒன்று எப்போதும் கிடக்கும். இழுக்கும்போது எடுத்து இரண்டு பஃப் அடித்துக்கொள்வேன். சில நாள் வாடிக்கையாளர் எதிரிலேயே, பில் போடுகிற நேரத்தில். சற்று நேரத்தில் நெஞ்சு தளரும், அடுத்த துணிச் சுருளைப் பிரிக்கப் போய்விடுவேன். பல வருஷமாக அதுதான் என் வைத்தியம். வேண்டும்போது மட்டும் மருந்து, மற்றபடி மருந்துக்கு அடிமையில்லை என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஞாயிறு காலையில் என் மனைவியைப் பார்க்க அவள் தங்கை வருவாள், கூடவே அவரும். முதல் வாரமே ஷூவைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் முதல் மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். "சித்தப்பா விடாதீங்க, விடாதீங்க" என்று மகள் கத்துகிறாள், அவர் சிரித்துக்கொண்டே ஓடுகிறார். வேப்பமரம் தாண்டித் தெரு வளைகிற இடம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கப்பால் அவளுடைய சிரிப்பு மட்டும் கேட்கும்.

மனைவி காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, அவருக்கும் உங்களுக்கும் ஒரே வீசிங்தான். அவரு எப்படி ஓடுறாரு பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"அவரு தினம் ரெண்டு வேளை ஏதோ மருந்து எடுக்கிறாராம். தங்கச்சி சொன்னா."

"ஸ்டீராய்டு. உடம்பு ஊதிடும்" என்றேன்.

அவள் கீழே பார்த்தாள். ஊதிய உடம்பு ஒன்றும் அங்கே ஓடவில்லை. காபியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மேலே வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துக் கடகடவென்று குடித்தார். எங்கள் வீட்டில் அது பெரிய குற்றம். தண்ணீரோ காபியோ நாங்கள் தூக்கித்தான் குடிப்போம். உதடு படக்கூடாது, எச்சில் ஆகக்கூடாது. என் அப்பா சூடான காபியைக்கூட அண்ணாந்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொள்வார். சகலை புறப்பட்டுப் போனதும் அந்தப் பாட்டிலை நானே எடுத்துத் தேய்த்துக் கழுவினேன். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

இரண்டு மூன்று ஞாயிறு இப்படிப் போனது, நடுவில் மழையிலும் சில வாரம் போனது. மகள் இன்னும் தனியாக ஓட்டப் பழகவில்லை. அவள் பழகுவதற்குள் ஒரு தடவையாவது நான் பிடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லாததுபோல் அந்த ஒரு ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை காலை, சகலை வருவதற்கு ஒரு நாள் முன்னதாக, "வா, இன்னைக்கு அப்பா பிடிக்கிறேன்" என்றேன். கிளம்புமுன் நீலத்தில் இரண்டு பஃப் அடித்துக்கொண்டேன்.

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும்கூடப் போகவில்லை. நெஞ்சில் யாரோ கயிறு கட்டி இறுக்கியது போல இருந்தது. கை தானாக விட்டது. சைக்கிள் இரண்டு ஆட்டம் ஆடி, நின்றுகொண்டிருந்த ஒரு காரில் போய்ச் சாய்ந்தது. மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. யாரோ ஒருவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து என் முதுகைத் தடவினாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சொன்னாள்: "பரவால்லப்பா, நாளைக்கு சித்தப்பா வந்துருவாரு."

மூச்சு இழுத்தது பெரிய வேதனையில்லை. இதுதான் வேதனை.

மறுபடி நீலத்தை அடித்தும் அடங்கவில்லை. மனைவி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே ஓட்டினார்.

"இன்னா சார், இப்டி மூச்சு வாங்கிக்கினு கீற. பேசாத, கம்முனு குந்து. அஞ்சு நிமிசத்துல போயிறலாம்."

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். அது அடங்கியதும் நுரையீரல் டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். மனைவி என்னைக் கேட்காமலே போனில் தங்கையிடம் விசாரித்து, அன்று சாயந்திரமே ஆழ்வார்பேட்டையில் சகலை பார்க்கிற அதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். சென்னையில் வேறு டாக்டரே இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்க மூச்சு இல்லை.

டாக்டரம்மா என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஒரு மெஷினில் ஊதச் சொன்னார். வாரத்தில் எத்தனை தடவை நீலம் எடுப்பீர்கள் என்றார். வாரத்தில் இல்லை, தினம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீலம் அவசரத்துக்கு. மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கிற தசை இறுகிக்கிட்டா அதைத் தளர்த்தும், அவ்வளவுதான். சில மணி நேரம் நிக்கும். குழாய்க்கு உள்ள வீக்கம் இருக்கு பாருங்க, அதை அது தொடவே தொடாது. அடிக்கடி நீலம் தேவைப்படுதுன்னா உள்ள வீக்கம் அடங்கலன்னு அர்த்தம். நீங்க இத்தனை வருஷமா தீயை விட்டுட்டு புகையை விசிறிக்கிட்டு இருந்திருக்கீங்க."

பிறகு பழுப்பு நிறத்தில் இன்னொன்றை மேஜையில் வைத்தார். இது வீக்கத்தைக் குறைப்பது, காலையும் ராத்திரியும், மூச்சு நன்றாக இருந்தாலும் விடாமல் என்றார். ஸ்டீராய்டுதானே என்று நான் இழுத்தேன்.

"ஆமா. ஆனா மாத்திரை மாதிரி உடம்பு பூரா போறதில்ல. ரொம்பச் சின்ன அளவு, பெரும்பாலும் நுரையீரல்லயே வேலை செய்யும். எடுத்ததும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க, இல்லன்னா வாய்ப்புண் வரும், தொண்டை கட்டும். உடனே ஒண்ணும் தெரியாது, சில வாரம் ஆகும். தெரியலயேன்னு நிறுத்தக்கூடாது, நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. திடீர்னு இழுத்தா இதை அடிச்சுப் பிரயோஜனமில்ல, அப்ப நீலம். நீலமும் கேக்கலன்னா, பேச முடியலன்னா, இன்னைக்குப் போன மாதிரி நேரா ஆஸ்பத்திரி. நிறத்தை மட்டும் நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேல இருக்கிற பேரைப் படிங்க."

இதுவரைக்கும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்.

"எப்படி எடுக்கணும்னு தெரியுமில்ல? வேணும்னா உங்க சகலையைக் கேளுங்க. என் பேஷண்ட்லயே ரொம்ப ஒழுங்கா எடுக்கிறவரு அவருதான்."

"எல்லாம் தெரியும்" என்றேன். "பல வருஷமா எடுக்கிறேன்." செய்து காட்டச் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

தினம் தவறாமல் பழுப்பை எடுத்தேன். சாமி கும்பிடுவதை மறந்தாலும் அதை மறக்கவில்லை. வாயும் கொப்பளித்தேன். வாரங்கள் போயின, மார்கழிக் குளிர் வந்தது, மாடிப்படி ஏறினால் அதே இரைப்பு. கல்லாவில் நீலம் அதே வேகத்தில் தீர்ந்தது. ஞாயிறுதோறும் பால்கனியில் நின்று சகலை ஓடுவதைப் பார்த்தேன். மகள் இப்போதெல்லாம் கத்துவதில்லை. முதுகை நேராக வைத்து ஓட்டினாள், அவர் சீட்டுக்குப் பின்னால் கையை வைத்தபடி ஓடினார். அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவாள் என்று தெரிந்தது. கற்றுக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற மகள் சைக்கிள் பழகக்கூடாது என்று வடபழனி முருகனிடம் வேண்டிக்கொண்ட அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. அவருக்கு நல்ல மருந்து, எனக்கு ஏதோ ஒப்புக்கு ஒரு மருந்து. வெளிநாட்டுச் சரக்காக இருக்கும். ஒழுங்கான பேஷண்ட் என்று டாக்டரம்மா அவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருப்பார். நினைக்க நினைக்க அது நிச்சயமே ஆகிவிட்டது.

போகிக்கு எங்கள் பக்கம் பாயும் டயருமாக எரித்துப் புகை மண்டிவிடும் என்று மனைவி பயந்தாள். அதனால் முந்தின நாளே கொட்டிவாக்கத்துக்குப் போய்த் தங்கினோம். அங்கேயும் விடிகாலையில் பிள்ளைகள் மேளம் கொட்டினார்கள், ஜன்னலையெல்லாம் சாத்தியும் லேசாகப் புகை வாடை வந்தது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் கை கழுவும் இடத்துக்கு மேலே கண்ணாடித் தட்டில் அவருடைய இன்ஹேலர் இருந்தது. திருடனைப் போலப் போய் எடுத்துப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பேரைப் படித்தேன். அதே பேர். அதே அளவு. மூடியின் நிறம்கூட அதேதான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வேறு மருந்தாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒரே மருந்தும் அவருக்குத்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கிறது.

செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஹேலரை வைத்துவிட்டு சோபாவில் போய்ப் படுத்துக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். அவர் வந்தார். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கினார். நிமிர்ந்து நின்று உள்ளே இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். பிறகு அதன் வாயைத் தன் வாய்க்குள் வைத்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்து, இழுக்கும்போதே ஒரு அழுத்து. இழுத்துக்கொண்டே இருந்தார். எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் எண்ணினார். பிறகு கொப்பளித்துத் துப்பினார், பல் தேய்த்தார். ஒரு பொட்டுப் புகை வெளியே வரவில்லை.

நான் எப்படி எடுப்பேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அண்ணாந்து, வாயைத் திறந்து, இன்ஹேலரை உயரத் தூக்கி, உதடு படாமல், செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் ஒரு அடி. நீலமும் அப்படித்தான், பழுப்பும் அப்படித்தான். வாயைச் சுற்றி வெள்ளையாகப் புகை பறக்கும், மூக்குக் கண்ணாடியில்கூடப் படியும். மருந்து தாராளமாக வருகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். மருந்தையும் எச்சில் பண்ணாமல் எடுக்கிற குடும்பம் நாங்கள்.

எப்படி எடுக்க வேண்டும் என்று அவரைக் கேட்டிருக்கலாம். அவரும் ஆசையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. பொங்கல் முடிந்ததும் தனியாக ஆழ்வார்பேட்டைக்குப் போய், டாக்டரம்மா முன்னால் நான் எடுக்கிற விதத்தைச் செய்து காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இத்தனை வாரமா ரூமுக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க" என்றார்.

வாயில் வைத்து எடுக்கச் சொல்லித்தந்தார். எனக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரவில்லை. அதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார், ஸ்பேசர் என்று பேர். ஒரு முனையில் இன்ஹேலர், மறுமுனையில் நம் வாய். அடித்த மருந்து குழாய்க்குள் நிற்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். முதல் சில நாள் உதட்டை மூடும்போது குமட்டியது. என் எச்சில்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் சத்தம் கேட்காமல் எடுத்தேன். சகலை காதுக்கு மட்டும் இது போகக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினேன்.

மாசி பிறந்த சமயம், ஒரு நாள் கத்தரிக்கோலைத் தேடிக் கல்லாவைத் திறந்தேன். நீல இன்ஹேலர் மேல் மெல்லியதாகப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. கடைசியாக எப்போது எடுத்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அதைத் துடைத்து, இருக்கிற இடத்திலேயே வைத்தேன். பிறகு பரணிலிருந்து ஒரு துணிச் சுருளை நானே இறக்கினேன், பாப்ளின், கனமானது. கடைப் பையன்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு சகலை வருவதற்குள் மகளை எழுப்பினேன். ஓடுவதாக இருந்தால் முன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னபடி நீலம் எடுத்துக்கொண்டேன், இந்தத் தடவை உதட்டை மூடி. கொஞ்ச நேரம் பொறுத்து இறங்கினோம்.

சீட்டுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்தேன். ஓடினேன். முன்பு நான் உட்கார்ந்த கேட் வந்தது, போனது. டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, அதுவும் போனது. வேப்பமரம் தாண்டி வளைவு வரைக்கும் போய்த் திரும்பினோம். இரைத்தது, ஆனால் ஓடுகிற எல்லோருக்கும் இரைக்கிற இரைப்பு அது. திரும்பி வரும்போது எங்கள் கேட்டில் சகலை நின்றுகொண்டிருந்தார், கையில் தண்ணீர் பாட்டிலோடு. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினேன்.

"அப்பா, நீங்க பிடிச்சா சைக்கிள் ஆடுது" என்றாள் மகள்.

"பிடிக்கலன்னா விழுந்துருவ."

"விழமாட்டேன். சித்தப்பா பொங்கலுக்கு முன்னாடியே விட்டுட்டாரு." சொன்ன பிறகுதான் சொல்லக்கூடாதது நினைவு வந்து குரலைத் தாழ்த்தினாள். "மரத்துக்கு அந்தப் பக்கம் நான் தனியாத்தான் ஓட்டுவேன். பால்கனி தெரியுற இடத்துல மட்டும் அவரு சும்மா பின்னால வருவாரு. அப்பாதான் முதல்ல விடணும், அதுவரைக்கும் சொல்லாதன்னாரு."

இதற்கு நான் என்ன செய்வது. அவருடைய மருந்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயிற்று, மூச்சைப் பார்த்தாயிற்று. இனி அவர் மனசைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. எத்தனை ஞாயிறு எனக்காக வெறும் கையை நீட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார் அந்த மனிதர்.

கையை விட்டேன். அவள் ஆடாமல் அசையாமல் போனாள். நான் நிற்கவில்லை, பின்னாலேயே ஓடினேன், மூச்சு இருந்தது. எங்கள் கேட்டைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டுத்தான் நின்றேன்.

நடந்து திரும்பி வந்தபோது சகலை பாட்டிலை நீட்டினார்.

"மெதுவா, அண்ணே."

நல்ல தாகம். பாட்டிலை வாங்கி, உதட்டை வைத்து, மூடிக்கொண்டு குடித்தேன். என் நாற்பத்தெட்டு வயதில் இன்னொருவர் பாட்டிலை எச்சில் பண்ணியது அதுதான் முதல் தடவை. இனி இந்தத் தண்ணீரை அவர் தொட முடியாது என்று ஒரு சின்னத் திருப்தியோடு திருப்பிக் கொடுத்தேன்.

அவர் வாங்கி, துடைக்கக்கூடச் செய்யாமல், வாயில் வைத்து மிச்சத்தையும் குடித்துவிட்டார்.